நாக்குக்கு அடியில் பத்து நிமிஷம்

"மாத்திரையும் போட்டுக்கிட்டு தியானமும் பண்ணினா அது தியானமுங்களா டீச்சர்?"

கோகிலவாணி கேட்டாள்.

கேட்ட நேரம் சரியில்லை. மாத்திரை அப்போது அவள் நாக்குக்கு அடியில் இருந்தது.

"வாயை மூடுங்கக்கா," என்றாள் டீச்சர். "மாத்திரை கரையட்டும்."

கோகிலா வாயை மூடிக்கொண்டாள்.

அந்த மாத்திரையை வைத்தது நான். நர்ஸ். பல்லடத்துக்குப் பக்கத்தில் ஒரு மறுவாழ்வு மையம், அதன் மாடியில் ஒரு ஹால். காலை பத்து மணிக்கு ஏழு பெண்கள் வருவார்கள். ஏழு பேரும் மாசமாக இருப்பவர்கள். ஏழு பேரும் வலி மாத்திரைக்கு அடிமையாகி, அதிலிருந்து மீண்டுகொண்டிருப்பவர்கள்.

டாக்டரம்மா எழுதிக் கொடுத்த மருந்தை ஒவ்வொருத்திக்கும் நாக்குக்கு அடியில் வைப்பேன். கரையப் பத்து நிமிஷம் ஆகும். அதுவரை பேசக்கூடாது, விழுங்கக்கூடாது. விழுங்கினால் மருந்து சரியாகப் பிடிக்காது. கரைந்த பிறகு வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்ட வேண்டும்.

ஏழு பொம்பளைகள் ஒரே இடத்தில் பத்து நிமிஷம் பேசாமல் இருக்கிறார்கள் என்றால் அது சாமானியப்பட்ட காரியமா? நானே பொம்பளை, சொல்கிறேன்.

அந்தப் பத்து நிமிஷம்தான் வகுப்பு என்பாள் டீச்சர். அதற்கப்புறம் செய்கிற ஆசனம், மூச்சு எல்லாம் அவளுக்கு இரண்டாம்பட்சம்.

டீச்சர் பெயர் மோகனப்பிரியா. இருபத்தொன்பது வயசு. பைக்கிலிருந்து விழுந்து இடது முட்டியில் பிளேட் வைத்திருக்கிறது. சம்மணம் போட வராது. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துதான் யோகா சொல்லித் தருவாள். கேள்வி கேட்டால் பாதி நேரம் பதில் வராது. வந்தாலும் சண்டைக்கு வருகிற மாதிரி வரும்.

கோகிலாவுக்கு முப்பத்தைந்து. ஆறு வயசு மூத்தவள். அதனால் டீச்சர் அவளை அக்கா என்பாள், அவள் இவளை டீச்சர் என்பாள்.

பத்து நிமிஷம் முடிந்தது. கோகிலா நாக்கைத் தூக்கிக் காட்டினாள். நான் தலையாட்டினேன்.

"இப்பக் கேக்கலாமுங்களா?"

"கேளுங்க."

"மாத்திரையும் போட்டுக்கிட்டு..."

"அது காதுல விழுந்துச்சு."

டீச்சர் சுவரைப் பிடித்து எழுந்தாள்.

"இந்த நாற்காலியை எடுத்துட்டுப் போய் அந்த மூலையில வைங்க."

கோகிலா வயிற்றைத் தள்ளிக்கொண்டு போய் வைத்துவிட்டு வந்தாள்.

டீச்சர் சுவரிலிருந்து கையை எடுத்தாள். கண்ணை மூடினாள். நின்றாள். கொஞ்ச நேரத்தில் முட்டி நடுங்க ஆரம்பித்தது. நெற்றியில் வேர்த்தது. அப்படியே நின்றாள்.

அப்புறம் கண்ணைத் திறந்தாள்.

"இவ்வளவு நேரம் நான் எதை நெனச்சுட்டு இருந்தேன்?"

"மூச்சையா?"

"இல்ல."

"சாமியையா?"

"நாற்காலியை. கொண்டாங்க அதை."

பெண்கள் சிரித்தார்கள். கோகிலா சிரிக்கவில்லை. நாற்காலியைக் கொண்டுவந்து போட்டாள்.

"ஆனாலும் ரெண்டு நிமிஷம் நின்னீங்கல்லங்க?" என்றாள். "ரெண்டு நிமிஷம் நின்னவங்க நாளைக்கு நாலு நிமிஷம் நிக்கலாமில்ல?"

டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்து முட்டியைத் தேய்த்தாள்.

எனக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்தது. இவளல்லவா கெட்டிக்காரி என்று நினைத்தேன். நினைத்தேனே, அதைச் சொல்ல வேண்டும்.

*

கோகிலா பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். அவசர ஆர்டர் வந்தால் ஒரு ஷிப்ட் ஒன்றரை ஷிப்டாகிவிடும். முதுகு வலிக்கு யாரோ ஒரு மாத்திரை கொடுத்தார்கள். வலி போனது. அடுத்த வாரம் ஒன்று போதவில்லை, இரண்டு. மூன்று வருஷத்தில் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு. வலி போய் எவ்வளவோ நாளாகிவிட்டது. மாத்திரை போகவில்லை.

கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து வயிற்றில் ஒரு பிள்ளை தங்கியது. தெரிந்த அன்றைக்கே மாத்திரை அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு மையத்துக்கு வந்துவிட்டாள். யாரும் இழுத்து வரவில்லை. அவளாக வந்தாள்.

டாக்டரம்மா முதல் நாளே தெளிவாகச் சொன்னார். "மாசமா இருக்கறப்போ எல்லாத்தையும் திடுதிப்புன்னு நிறுத்தக்கூடாது. உன் உடம்பு தாங்கும், உள்ள இருக்கறது தாங்காது. அந்த வலி மாத்திரைக்குப் பதிலா நான் இதைத் தர்றேன். பிரசவம் வரைக்கும் ஒரு நாளும் விடாம போடணும். நிறுத்தறது குறைக்கறது எல்லாம் நான் சொல்லணும்."

கோகிலா நன்றாகத் தலையாட்டினாள்.

தலையாட்டுவது சுலபம். வீட்டில் மாமியார் இருக்கிறாரே.

மாமியார் பழனாத்தாள். கெட்ட மனுஷி கிடையாது. மருமகளுக்கு முருங்கைக்கீரையும் நாட்டுக்கோழி முட்டையுமாகக் கொடுத்து உடம்பைத் தேற்றியவர் அவர்தான். ஆனால் நாக்கு இருக்கிறதே, அது அரிவாள்.

ஏழாம் மாசம் கட்டுச்சோறு வைக்க வேண்டும். பிறந்த வீட்டிலிருந்து புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தயிர்ச்சோறு என்று வகைவகையாகக் கட்டி எடுத்து வருவார்கள். மாசமானவளை மணையில் உட்கார வைத்து, வளையல் போட்டு, ஊரைக் கூட்டிச் சாப்பாடு போடுவார்கள். ஒன்பது வருஷமாக ஊரார் கட்டுச்சோற்றுக்கெல்லாம் போய்ப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டு வந்தவள் கோகிலா. கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகாதவள் எல்லாம் மணையில் உட்கார்ந்திருப்பாள், இவள் அவள் கையில் சந்தனம் பூசிவிட்டு வருவாள்.

பழனாத்தாள் சொல்லிவிட்டார்.

"மருந்து திங்கறவளை மணையில உக்கார வெச்சா ஊரு சிரிக்கும். அந்தக் கருமத்தை உட்டுட்டு வா. அடுத்த நாளே பந்தல் போடறேன்."

இதைக் கோகிலா எங்களிடம் சொல்லவில்லை. பின்னால்தான் தெரிந்தது. எங்களிடம் தியானத்தைப் பற்றி மட்டும் கேட்டாள்.

*

"ஆசை வந்தா என்னுங்க பண்றது?" என்று ஒரு நாள் கேட்டாள். ஐந்தாம் மாசம் அப்போது.

"எந்த ஆசை?"

"பழைய மாத்திரை மேல வர்ற ஆசைங்க. மெடிக்கல் கடை போர்டைப் பாத்தாலே வாயில எச்சில் ஊறுது."

டீச்சர் நாற்காலியை அவள் பக்கம் திருப்பினாள்.

"உங்க வீட்டுக்கு வேண்டாத விருந்தாளி வந்தா என்ன பண்ணுவீங்க?"

"கதவைச் சாத்திக்குவேன்."

"தட்டிட்டே நிப்பான். அக்கம் பக்கம் பாக்கும். சாத்தாதீங்க. வாங்கன்னு சொல்லி உக்கார வைங்க. அவன் மூஞ்சியை நல்லாப் பாருங்க. எங்க உக்காந்திருக்கான், நெஞ்சுலயா, தொண்டையிலயா, பாருங்க. பேசாதீங்க. சோறு மட்டும் போடாதீங்க."

"அப்புறம்?"

"சோறு கிடைக்காத வீட்டுல எவன் இருப்பான்? எந்திரிச்சுப் போயிருவான்."

இது பலித்தது. பலித்தது என்பதை மறைக்கக்கூடாது. அடுத்த வாரம் பழைய மெடிக்கல் கடை முன்னால் ஆசை வந்திருக்கிறது. எதிரே பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து மூச்சைப் பார்த்தாளாம். மூன்று பஸ்ஸை விட்டாள். நான்காவது பஸ்ஸில் ஏறி வீட்டுக்குப் போய்விட்டாள்.

வந்து சொன்னபோது முகம் கல்யாணப் பெண் முகமாக இருந்தது. மற்ற ஆறு பேரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

"விருந்தாளி பட்டினியாப் போயிட்டானுங்க டீச்சர்!"

"சந்தோசம்," என்றாள் டீச்சர். அவளுக்கு அதுவே பெரிய பேச்சு.

*

கோகிலாவுக்கு ஏழாம் மாசம் தொடங்கியது.

ஒரு திங்கட்கிழமை. மாத்திரையை வைத்தேன். நாலாவது நிமிஷம் கோகிலா இருமினாள். துண்டை வாயில் வைத்து நன்றாக இருமினாள். பத்து நிமிஷம் கழித்து நாக்கைத் தூக்கிக் காட்டினாள். அடியில் ஒன்றும் இல்லை.

"கரைஞ்சுருச்சா?"

"கரைஞ்சுருச்சுங்க சிஸ்டர்."

செவ்வாய்க்கிழமையும் இருமினாள்.

ஈறுக்கும் கன்னத்துக்கும் நடுவில் விரலை விட்டு இழுத்துப் பார்க்க வேண்டும். மற்றவர்களிடம் பார்ப்பேன். கோகிலாவிடம் பார்க்கவில்லை. அவளாக வந்தவள், நல்லவள், அவள் வாயில் விரல் விட்டால் என்ன நினைப்பாளோ என்று ஒரு மரியாதை. மரியாதையாம் மரியாதை, மண்ணாங்கட்டி.

புதன்கிழமை அவளுக்கு மூக்கு ஒழுகியது. கொட்டாவி மேல் கொட்டாவி. பனி என்றாள். வைகாசி மாசத்தில் என்ன பனி? கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

அன்றைக்கு வகுப்பில் நாற்பது நிமிஷம் அசையாமல் உட்கார்ந்தாள். கண் மூடி, கை மடியில், முதுகு நேராக. வேர்த்துக் கொட்டியது. துடைக்கவில்லை. மற்றவர்கள் தங்கள் மூச்சை விட்டுவிட்டு அவளைப் பார்த்தார்கள்.

"அக்கா நல்லா உக்கார்றாங்க," என்றாள் டீச்சர்.

அவள் யாரையும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

*

வியாழக்கிழமை. மாத்திரை, இருமல், நாக்கு எல்லாம் முடிந்தது. பெண்கள் பாய் விரித்தார்கள்.

கோகிலா முகம் வெளுத்திருந்தது. ஆனால் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"டீச்சர், புள்ளை துள்ளுதுங்க."

"அப்படியா?"

"நேத்து மத்தியானத்துல இருந்து ஓயவே இல்லைங்க. குதி குதின்னு குதிக்குது. புள்ளைக்கும் யோகா புடிச்சுப்போச்சாட்டம் இருக்குது."

பெண்கள் சுற்றிக்கொண்டார்கள். ஒருத்தி கையை வைத்துப் பார்த்து, "ஆத்தாடி, கபடி ஆடுது!" என்றாள். இன்னொருத்தி தன் வயிற்றைத் தட்டி, "நீயும் இருக்கியே, சோம்பேறி" என்றாள். சிரிப்பு. நானும் போய்க் கையை வைத்தேன். உள்ளே உருண்டது, இடித்தது, மறுபடி உருண்டது. நானும் சிரித்தேன்.

டீச்சர் நாற்காலியிலிருந்து எழுந்து நொண்டி நொண்டி வந்தாள். குனிந்து கையை வைத்தாள்.

அவள் சிரிக்கவில்லை.

கையை எடுக்கவும் இல்லை. ஒரு நிமிஷம் இருக்கும். அப்புறம் கோகிலாவின் முழங்கையைப் பிடித்துத் திருப்பினாள். ரோமம் எல்லாம் குத்திட்டு நின்றது. தோல் முழுக்கப் புள்ளி புள்ளியாக எழும்பியிருந்தது.

"அக்கா, மாத்திரை உள்ள போய் எத்தனை நாளாச்சு?"

பெண்கள் விலகி நின்றார்கள்.

கோகிலா என்னைப் பார்த்தாள். அப்புறம் டீச்சரைப் பார்த்தாள். சிரிப்பு மாறவில்லை.

"இன்னையோட நாலு நாளுங்க. நான் ஜெயிச்சுட்டேன் டீச்சர்."

அந்த இருமலும் துண்டும் மாத்திரையைத் துப்பத்தான்.

"சிஸ்டர், ஆட்டோ," என்றாள் டீச்சர்.

*

ஆட்டோவில் நடுவில் கோகிலா. இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் டீச்சர், காலை மடக்க முடியாமல் வெளியே நீட்டிக்கொண்டு.

கோகிலாவுக்குக் கோபம்.

"எதுக்குங்க ஆஸ்பத்திரி? நல்லாத்தான இருக்கேன். வந்துச்சு, பாத்தேன். வயித்தைப் பெசைஞ்சுச்சு, பாத்தேன். எலும்பெல்லாம் முறிக்கற மாதிரி வலிச்சுச்சு, அதையும் பாத்துட்டே இருந்தேன். ஒரு வார்த்தை யாருகிட்டயும் சொல்லல."

டீச்சர் ரோட்டைப் பார்த்தாள்.

"நீங்கதானுங்க சொன்னீங்க. வந்தா உக்கார வை, பாரு, சோறு போடாதேன்னு நீங்கதான சொன்னீங்க?"

"ஆமாக்கா. சொன்னேன்."

"அதைத்தான செஞ்சேன்?"

"அதைத்தான் செஞ்சீங்க."

"அப்புறம் என்னுங்க?"

ஆட்டோ ஒரு மேட்டில் ஏறி இறங்கியது. டீச்சர் முட்டியைப் பிடித்துக்கொண்டாள். வலித்திருக்கும்.

"நான் சொல்லிக் கொடுத்தது பத்தலைக்கா," என்றாள். "ஆசைக்குச் சொன்னேன். இதுக்கும் அதுதான்னு நீங்க எடுத்துக்குவீங்கன்னு எனக்குத் தோணல. நேத்து நீங்க வேர்த்து உக்காந்திருந்தப்போ, நல்லா உக்கார்றாங்கன்னு வேற சொன்னேன்."

கோகிலா டீச்சர் பக்கம் திரும்பினாள்.

"இது ஆசை இல்லைங்களா?"

"இல்ல."

"அப்போ கதவைத் தட்டுனது யாருங்க?"

டீச்சர் அவள் வயிற்றைப் பார்த்தாள்.

கோகிலாவும் குனிந்து பார்த்தாள்.

"நான் சோறு போடாம..." என்று ஆரம்பித்தாள். முடிக்கவில்லை. என் கையைப் பிடித்தாள். அவள் கை சில்லென்று இருந்தது.

"சிஸ்டர், வயிறு இறுகுதுங்க."

*

ஆஸ்பத்திரியிலும் எங்கள் டாக்டரம்மாதான். அவர் கோகிலாவைத் திட்டவில்லை. என்னைத் திட்டினார். அது நியாயம்தான்.

வயிற்றில் பெல்ட்டைக் கட்டினார்கள். குழந்தையின் இதயத் துடிப்பு பக்கத்திலிருந்த மெஷின் பெட்டியில் கேட்டது. குதிரை தறிகெட்டு ஓடுகிற மாதிரி இருந்தது. நடுநடுவே வயிறு கல்லாக இறுகியது.

"வலி புடிக்கப் பாக்குது," என்றார் டாக்டரம்மா. "ஏழு மாசம்தான் ஆச்சு. இப்ப வெளிய வந்தா ரொம்பச் சிரமம். முதல்ல மருந்தை வைங்க. அப்புறம் பாப்போம்."

நான் மாத்திரையை எடுத்தேன். கோகிலா தானே வாயைத் திறந்து நாக்கைத் தூக்கினாள்.

இந்தத் தடவை இருமல் வரவில்லை.

மையத்திலிருந்து தகவல் போய், அந்த நேரம் பார்த்துப் பழனாத்தாள் வந்து சேர்ந்தார். வாசலிலிருந்தே குரல் வந்தது.

"என்ன வெச்சீங்க வாயில? அந்த மாத்திரையா? ஏனுங்க, நாலு நாளு இல்லாம இருந்தவளுக்கு மறுபடியும் வெச்சுட்டீங்களா? உங்களுக்கெல்லாம் புள்ளைகுட்டி இல்லையா? ஞாயித்துக்கெழமை கட்டுச்சோறு. எம் மருமக அந்தக் கருமத்தை உட்டுட்டான்னு முந்தாநாளே ஊரெல்லாம் சொல்லிட்டேன். இப்ப நான் எந்த மூஞ்சியை வெச்சுட்டு..."

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. வந்த கோபத்துக்கு நானும் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். டாக்டரம்மா வாயைத் திறந்தார். அவர் பேசினால் நன்றாகப் பேசுவார்.

டீச்சர் அதற்குள் நொண்டிக்கொண்டு போய்ப் பழனாத்தாளின் கையைப் பிடித்தாள். இழுத்துக்கொண்டு வந்தாள். அந்தக் கையைக் கோகிலாவின் வயிற்றில் வைத்தாள்.

பழனாத்தாளின் பேச்சு நின்றது.

"அட," என்றார்.

உள்ளே இடித்தது. அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"அட என்ற சாமி! எப்பிடித் துள்ளுது பாருங்க! இப்பிடித் துள்ளுற புள்ளைக்கு என்ன வந்துச்சுன்னு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு வந்தீங்க?"

"கையை எடுக்காதீங்கம்மா," என்றாள் டீச்சர்.

"எதுக்கு?"

"எடுக்காதீங்க. அவ்வளவுதான்."

நான் ஒரு ஸ்டூலை நகர்த்திப் போட்டேன். பழனாத்தாள் உட்கார்ந்தார். கையை எடுக்கவில்லை. கோகிலா வாய் மூடிப் படுத்திருந்தாள். மாத்திரை கரைய வேண்டும். கண் ஓரத்தில் தண்ணீர் வழிந்து காதுக்குள் போனது. துடைக்கக்கூட அவள் அசையவில்லை.

பத்து நிமிஷம் ஆனது. நாக்கைத் தூக்கினாள். கன்னத்துக்குள்ளும் விரல் விட்டுப் பார்த்தேன். இருந்த இடம் தெரியாமல் கரைந்திருந்தது.

அரை மணி நேரம் ஆனது.

"ஒதைக்குது," என்றார் பழனாத்தாள். "ஒதைக்குது. விலாப்பக்கம் ஒதைக்குது. தாங்கறயா கண்ணு?"

"தாங்கறேன் அத்தை."

ஒரு மணி நேரம் ஆனது. கோகிலாவின் கையில் ரோமம் படிந்தது. வேர்வை நின்றது. வயிறு இறுகுவதற்கு நடுவில் இடைவெளி கூடியது. பழனாத்தாளின் கை மரத்துப் போயிருக்கும். அவர் கையை மாற்றி வைத்தார். எடுக்கவில்லை.

"இப்பக் கொஞ்சம் மெதுவா ஒதைக்குது."

நான் பெல்ட்டைச் சரிசெய்தேன்.

"இப்ப ஒதைக்கக் காணோம்."

டீச்சர் பெட்டியைப் பார்த்தாள்.

பழனாத்தாள் கையை அங்கே வைத்தார், இங்கே வைத்தார். முகம் மாறியது. ஸ்டூலை விட்டு எழுந்துவிட்டார்.

"ஏனுங்க! புள்ளை அசையலைங்க! டாக்டரம்மா! ஐயோ, என்ன பண்ணித் தொலைச்சீங்க, துள்ளிட்டு இருந்த புள்ளை அசையலையே!"

கோகிலா எழ முயன்றாள். "சிஸ்டர்! சிஸ்டர், என்னாச்சுங்க?"

டாக்டரம்மா ஓடி வந்தார். பெட்டியிலிருந்து வந்த காகிதத்தை இழுத்துப் பார்த்தார். பெல்ட்டை நகர்த்தி வைத்தார். காது கொடுத்துக் கேட்டார். எனக்கு மூச்சே வரவில்லை. மூச்சைப் பார்க்கச் சொல்லித் தந்த டீச்சருக்கும் வரவில்லை, பக்கத்தில் நின்றேன், தெரிந்தது.

டுக், டுக், டுக் என்று கேட்டது. முன்போல ஓட்டம் இல்லை. நிதானமாக இருந்தது.

"துடிப்பு நல்லா இருக்கு," என்றார் டாக்டரம்மா. "வயிறு இறுகறதும் அடங்கியிருக்கு. இன்னும் ரெண்டு நாள் இங்க வெச்சுப் பாக்கணும். ஆனா இப்போதைக்கு பயமில்ல."

"அப்புறம் ஏனுங்க அசைய மாட்டேங்குது?" பழனாத்தாள் டாக்டரம்மாவிடம் கேட்டார். "எப்பிடித் துள்ளுச்சு! சந்தோசமாத்தான துள்ளுச்சு?"

டாக்டரம்மா டீச்சரைப் பார்த்தார்.

டீச்சர் பழனாத்தாளின் கையைப் பிடித்து மறுபடியும் வயிற்றில் வைத்தாள்.

"மருந்து இல்லாம நேத்துல இருந்து அதுக்குத் தூக்கமில்லைங்கம்மா," என்றாள். "இப்பத்தான் தூங்குது."

கோகிலா தன் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பழனாத்தாள் ஸ்டூலில் உட்கார்ந்தார். மருமகளைப் பார்த்தார். வயிற்றைப் பார்த்தார். புடவைத் தலைப்பை இழுத்து மருமகளின் கண் ஓரத்தைத் துடைத்தார். அப்புறம் அந்தக் காதையும் துடைத்தார்.

கதவு படாரென்று திறந்தது. கோகிலாவின் வீட்டுக்காரன் லோகநாதன். தறி மெக்கானிக். நாள் முழுக்கத் தறிச் சத்தத்தில் இருக்கிறவன், சாதாரணமாகப் பேசினாலே நாலு வீடு கேட்கும். காதில் செல்போன்.

"அம்மா! பந்தல்காரன் லைன்ல இருக்கான்! ஞாயித்துக்கெழமை உண்டா இல்லையான்னு கேக்கறான்! மாத்திரையை மறுபடியும் போட்டாளா என்ன? இப்ப என்ன சொல்றது அவனுக்கு?"

பழனாத்தாள் வயிற்றிலிருந்து கையை எடுக்கவில்லை. தலையை மட்டும் திருப்பினார்.

"மெதுவாப் பேசுடா. புள்ளை தூங்குது."